ஒரே வரியில் எழுதிய இரண்டு பெயர்

சீசா, பலேர்மோ
15.02.2026, ஞாயிறு

அன்பு மகள் தயானிக்கு,

அப்பாவுக்குச் சுகத்தில் குறைவில்லை, சாப்பாடு இறங்குகிறது, வேலையும் நடக்கிறது. உனக்கும் மாமிக்கும் அதைவிட ஒரு படி கூடுதலான சுகம் இருக்கவேண்டும். மாமியின் முழங்கால் எப்படி? எண்ணெய் பூசிக்கொண்டிருந்தால் எலும்புக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாது, எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன் என்று சொல்லு, கேட்கமாட்டார், திரும்பவும் சொல்லு. நீ ரியூசனுக்குச் சைக்கிளில் போகும்போது காதில் பாட்டைச் செருகிக்கொண்டு போகிறாய் என்று மாமி சொன்னார். பின்னால் வருகிற பஸ்ஸுக்கு உன் பாட்டுப் பிடிக்கவேண்டும் என்று கட்டாயமில்லை, கழற்றி வை. இந்தக் கடிதத்தை ஸ்ரீபனின் மனைவி மொனிகாவிடம் கொடுத்துவிடுகிறேன், நான் இருக்கும் அறை அவர்களுடைய வீட்டில்தான் என்று உனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை மன்னாருக்குப் புறப்படுகிறார், கிளிநொச்சிக்கு வந்து உன் கையிலேயே தருவார். ஏன் போனில் கதைக்கவில்லை என்று கேட்பாய். போனில் நீ அழுதால் நான் கத்துவேன், நடுவில் சிக்னல் போகும், பாதி தெரிந்தபடி இரண்டு பேரும் இரண்டு கரையில் இருப்போம். மாமி பக்கத்தில் இருக்கும்போது வாசி. மாமிக்கு எல்லாம் தெரியும்.

உன்னை இங்கே கூப்பிடப் போட்ட விண்ணப்பம் கொஞ்சம் பிந்துகிறது என்று மட்டும்தான் உனக்குச் சொன்னேன். பிந்தவில்லை, நிற்கிறது. உன் பிறப்புச் சான்றிதழ் நீ பிறந்து இரண்டு வருஷம் கழித்துப் பதிந்தது, அம்மாவின் மரணச் சான்றிதழ் இல்லை, கலியாணப் பதிவு இல்லை, எனக்கும் உனக்கும் பதினெட்டு வயதுதான் வித்தியாசம். அதனால் இரண்டு பேரும் டிஎன்ஏ பரிசோதனைக்கு வரவேண்டுமாம், நீ கொழும்பில், நான் இங்கே, மார்ச் பன்னிரண்டு. வராவிட்டால் ஃபைலை மூடிவிடுவார்கள். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது தயானி. அந்தப் பரிசோதனை பொருந்தாது. நான் உன்னைப் பெற்றவன் இல்லை.

ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தை வாசி.

நீ ஒவ்வொரு வருஷமும் விளக்கு வைக்கிற வதனிதான் உன் அம்மா. அதில் பொய் இல்லை. நான் அவருக்குப் புருஷன் என்றதுதான் பொய். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டவன். உன் பத்து வயதில் கேட்டாய், "அப்பா, நீங்கள் பள்ளிக்கூட யூனிபோமோடையோ கலியாணம் கட்டினீங்கள்?" என்று. கடைசி யுத்த நேரம் பிள்ளைகளை இயக்கம் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போகாமல் இருக்க வன்னியில் பதினாறு பதினேழில் கட்டிவைத்தார்கள், அதுபோலத்தான் என்றேன். ஊரில் பாதிப் பேர் அப்படிக் கட்டினபடியால் ஒருவரும் சந்தேகப்படவில்லை. நல்ல வசதியான பொய்.

பரிசோதனைக் கடிதம் வந்தவுடன் இங்கே நம்மவர்களுக்கு ஃபோர்ம் நிரப்பிக் கொடுக்கிற கோபாலசிங்கம் அண்ணையிடம் போனேன். "உன்ரை கொக்காவைக் கூட்டிக்கொண்டு போய்த் துப்பச் சொல்லு தம்பி, ரத்தம் ஒண்டுதானே" என்றார், உனக்குப் பதிலாக என் அக்கா, உன் மாமி, எச்சில் கொடுக்கட்டும் என்று. "அண்ணை, அக்கா துப்பினால் அவ எனக்கு மகளாகமாட்டா, மெஷின் சிரிக்கும்" என்றேன். "அப்ப விண்ணப்பத்தைத் திருப்பி எடு, விசா இல்லையெண்டு பிள்ளைக்குச் சொல்லு, பிள்ளை ரெண்டு நாள் அழும், பிறகு படிக்கும்" என்றார். அது எனக்குச் சரியாகப் பட்டது. ஜனவரி முழுக்க அந்தப் பொய்யை உனக்கு எந்த ஞாயிறு சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டு திரிந்தேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. பரிசோதனைக்குப் போனால் உண்மை கொழும்பில் ஒரு கவுண்டரில் வைத்து உனக்குத் தெரியவரும், போகாவிட்டால் நீ வரமுடியாது. நான் வந்து நேரில் சொல்லலாமென்றால் என் பெர்மெஸ்ஸோ, இங்கே தங்க விடுகிற அனுமதி அட்டை, புதுப்பிக்கக் கொடுத்து எட்டு மாதமாகப் பொலிஸ் கந்தோரில் கிடக்கிறது, கையில் ஒரு துண்டு ரசீது மட்டும். துறைமுகத்தில் நாப்போலிக்கும் ஜெனோவாவுக்கும் கப்பல் போவதைப் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன், இந்தத் தீவைவிட்டு ஒரு அடி வைக்கப் பயம். ஸ்ரீபன் சும்மா இருக்கமாட்டான், "மச்சான், பிரிட்ஜ் எண்டால் உடனை கழட்டிப் பாக்கிறாய், உன்ரை மூஞ்சியை எப்ப கழட்டிப் பாக்கப்போறாய்?" என்று கேட்டான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். போன மாதக் கடைசியில் எங்கள் குளிர்மெஷின் கொம்பனியில் இருந்து என்னைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய பண்டகசாலையில் வேலைக்கு அனுப்பினார்கள். அங்கே மூன்று மாதத்துக்கு ஒரு அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள், ஐரோப்பாவில் நாசிகள் யூதச் சனத்தை லட்சம் லட்சமாகக் கொன்றதைப் பற்றியது. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் பழைய கடதாசிகள், கடற்காற்றில் ஈரம் ஏறினால் பூஞ்சணம் பிடிக்கும், ஈரம் இழுக்கிற மெஷின் நின்றுவிட்டது. வடிகால் குழாய் அடைப்பு, இருபது நிமிஷ வேலை. ஆனால் ஈரப்பதம் ஐம்பது வீதத்துக்கு இறங்கி அங்கேயே நிற்கிறதா என்று இரண்டு மணித்தியாலம் பார்த்து, கால் மணிக்கு ஒருக்கால் அளவு எழுதிக் கையொப்பம் வைக்கவேண்டும். வெளியே போகமுடியாது. எனக்குச் சும்மா நிற்கத் தெரியாது என்று உனக்குத் தெரியும், பெட்டி பெட்டியாகப் பார்த்தேன். ரயில் நேர அட்டவணை, எத்தனை பெட்டி, ஒரு பெட்டிக்கு எத்தனை பேர், எல்லாம் தட்டச்சில், பிழையே இல்லை. அதற்கு அடுத்ததாக ஒரு காற்றிழுக்கும் ஃபானின் வரைபடம். நான் படித்த அதே பாடம். குழாயின் விட்டம், காற்றின் அளவு, வரைந்தவன் நல்ல வேலைக்காரன். கீழே இருந்த விளக்கத்தைப் பிறகுதான் வாசித்தேன், அது விஷவாயு அறையில் இருந்து காற்றை வெளியே எடுக்கப் போட்டது. நான் தினமும் மீன்கடைக் குளிர் அறைகளுக்குப் போடுகிற கணக்கு அது தயானி.

அந்த நேரம் ஒரு பள்ளிக்கூட வகுப்பு வந்தது. கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஒரு சிஞ்ஞோரா, இங்கத்தைய அம்மா ஒருவர், விளங்கப்படுத்திக்கொண்டு வந்தார். ரயில் வந்து நின்றதும் மேடையில் ஆட்களைப் பிரிப்பார்களாம். வேலை செய்யக்கூடியவர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் நேரே சாவுக்கு. குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் தாய் எவ்வளவு இளமையாக இருந்தாலும் குழந்தையோடு சாவின் பக்கம்தான். அங்கே மூட்டை இறக்கிய கைதிகளில் சிலர் இளம் தாய்மாரைக் கடந்து போகும்போது, பிள்ளையைக் கிழவியிடம் கொடு, கொடுத்துவிடு என்று மெல்லச் சொல்வார்களாம். அந்தத் தாய்மாருக்கு ஏன் என்று விளங்காது. ஒரு பெட்டைப் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும், அப்படிக் கொடுத்துவிட்டுத் தப்பியவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்று கேட்டது. தப்பியவர்களில் பலர் வருஷக்கணக்காக வாய் திறக்கவில்லை என்று சிஞ்ஞோரா சொன்னார். பிறகு சும்மா, மெஷினுக்குப் பக்கத்தில் மரம் மாதிரி நின்ற என்னைப் பார்த்து, நீங்களும் தகப்பனா என்று கேட்டார். நான் "ஓம்" என்றேன், தமிழில். அவர் விளங்காமல் பார்த்தார். ஒரு மகள் இருக்கிறாள் என்று இத்தாலியனில் திருத்திச் சொன்னேன். நான் உடைந்துபோனேன் என்றெல்லாம் எழுதமாட்டேன், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த இரண்டு அளவுகளை எழுத மறந்துபோனேன், அவ்வளவுதான். எட்டு வருஷ வேலையில் முதல் தடவை.

அதுவும் எங்களுடையதும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. ஒன்றில்லை. ஆனால் ஒரு விஷயம் நேர்மாறாக இருந்தது, அதுதான் என்னைப் பிடித்தது. அங்கே கையில் பிள்ளை இருந்தால் சாவு. எனக்குக் கையில் பிள்ளை இருந்ததால் உயிர்.

வதனி அக்கா எங்களுக்கு அடுத்த பங்கரில் இருந்தவர். உன்னைப் பெற்ற தகப்பன் தை மாதம் போனவர், திரும்பி வரவில்லை, பெயர் விக்னராஜா, எனக்குத் தெரிந்தது பெயர் மட்டும்தான். யுத்தத்தின் முடிவில் களப்புத் தண்ணீரைக் கடந்து சனம் வெளியேறிய அன்று அக்கா உன்னையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். "பிடி தம்பி இவளை, செருப்பு சேத்துக்கை புதைஞ்சு போச்சு, எடுத்துக்கொண்டு வாறன்" என்று உன்னை என்னிடம் நீட்டினார். குனிந்தார். ஷெல் விழுந்தது. நான் திரும்பிப் பார்த்தேன், அவர் எழும்பவில்லை, பின்னால் சனம் தள்ளியது, நான் நடந்தேன். நின்று பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தில் ஆமிக்காரரின் பதிவு மேசை. எழுதிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து "பேர்?" என்றார், சொன்னேன். உன்னைக் காட்டி "பேர்?" என்றார். நீ பிறந்து முப்பத்தொரு நாள் ஆகவில்லை, துடக்குக் கழிக்கவில்லை, பெயரே வைக்கவில்லை. என் வகுப்பில் படித்த ஒருத்தியின் பெயர்தான் வாயில் வந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது, இரண்டு ஆட்களின் பெயரை ஒரே வரியில் எழுதினார். வசீகரன் தயானி. அடுத்த மேசையில் இருந்த நம்மவர் அதை எப்படி வாசிப்பார்? தகப்பன் பெயர் முன்னுக்கு, பிள்ளையின் பெயர் பின்னுக்கு. வசீகரனின் மகள் தயானி. என்னைத் தகப்பன் என்று பதிந்தார். தனியாக வந்த பெடியன்களை வலது பக்கம் நிற்பாட்டினார்கள், குடும்பங்களை இடது பக்கம். வலது பக்கம் போன என் வயதுப் பெடியன்களில் நான் பிறகு காணாதவர்கள் இருக்கிறார்கள். திருத்தச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது. திருத்தவில்லை. உன்னை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு இடது பக்கம் நடந்தேன்.

ஆகவே உன்னைக் காப்பாற்றி வளர்த்த பெரிய மனுசன் என்று என்னை நினைக்காதே. நான் உன்னைப் பாவித்தேன். முகாமில் பால்மா வரிசையில் உன்னைத் தூக்கிக்கொண்டு நின்றால் முன்னுக்கு விடுவார்கள், அதற்காகவும் வைத்திருந்தேன். எந்த நாளில் இருந்து காரணம் இல்லாமல் வைத்திருந்தேன் என்று எனக்குத் தெரியாது. குறித்து வைக்கவில்லை. அந்தத் தாய்மார் வாய் திறக்காததற்கு ஒரு நியாயம் இருந்தது. எனக்கு இருந்தது வெட்கம் மட்டும்தான், அதற்காக உன்னிடம் இன்னொரு பொய்யையும் சொல்ல ஆயத்தமாக இருந்தேன்.

அடுத்த நாளே ஒரு வக்கீல் அம்மாவிடம் போய் முழுவதையும் சொன்னேன். என் பதிவே பிழை என்று தெரியவந்தால் என் பெர்மெஸ்ஸோவும் ஆட்டம் காணலாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வர ஒரே ஒரு வழி இருக்கிறதாம். பரிசோதனைக்கு முன்னமே இந்த விண்ணப்பத்தை நான் திருப்பி எடுக்கவேண்டும். உனக்குப் பதினெட்டு ஆகமுன்னம் அங்கே நீதிமன்றம் என்னை உன் பாதுகாவலர் என்று தீர்ப்பு எழுதவேண்டும். அதற்கு நீ நீதிபதி முன்னால் நின்று, உன் வாயால், இவர் என் தகப்பன் இல்லை என்று சொல்லவேண்டும். மகளாக என்னிடம் வருவதற்கு நீ மகள் இல்லை என்று சொல்லவேண்டும். இதை யார் யோசித்து வைத்தார்களோ தெரியாது. இதற்குப் பிறகும் நான் எதையும் தீர்மானிக்க முடியாமல் நிற்கிறேன், ஏனென்றால் தீர்மானிக்கவேண்டியது நீ. எங்கே நிற்கவும் உனக்கு உரிமை இருக்கிறது. வரவிருப்பமில்லை என்றால் வராதே, உயர்தரத்தை அங்கேயே எடு, உன் படிப்புக்கு ஒரு குறையும் வராது. வருவதென்றால் நீதிமன்றத்தில் தெளிவாகச் சொல்லு, முணுமுணுக்காதே, என் முகம் ஞாபகத்துக்கு வருகிறதென்று பாதியில் நிறுத்தாதே. அது உண்மை. உண்மையைச் சொல்வதால் நீ எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

மாமியோடு கோபப்படாதே, அவர் ஒவ்வொரு வருஷமும் உனக்குச் சொல்லச் சொன்னவர், நான்தான் வாயை மூடவைத்தேன். இரும்புக் குளிசையைத் தேநீரோடு குடிக்காதே, தண்ணீரோடு குடி. மார்ச் ஐந்தாம் திகதிக்கு முன்னம் எனக்குப் பதில் வரவேண்டும், அதற்குப் பிறகு விண்ணப்பத்தைத் திருப்பி எடுக்க நாள் போதாது, ஓம் அல்லது இல்லை, ஒரு சொல் காணும். கடவுள் உன் புத்தியைத் தெளிவாக வைத்திருக்கட்டும், நீ எடுக்கிற முடிவு எதுவானாலும் அதில் நீ உறுதியாக நிற்கவேண்டும், என் ஆசீர்வாதம் அதற்குத்தான். பதிலில் என்னை என்னவென்று கூப்பிடுவது என்று நீ யோசிக்கவேண்டியதில்லை என்று எழுத நினைத்தேன். யோசி. நன்றாக யோசித்தே எழுது. எனக்கு வேறு விதமாகக் கையொப்பம் வைத்துப் பழக்கமில்லை.

அப்பா