வலப்பக்கம் மேலே

குமாமோட்டோ,
ஜூன், ஞாயிறு

அன்புள்ள சுமியேவுக்கு,

நலமாக இருக்கிறேன் என்று தொடங்குவதுதான் முறை. உடம்புக்கு ஒன்றுமில்லை, சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அதற்கு மேல் கேட்காதே. ஹிரோசாகியில் இப்போது ஆப்பிள் பிஞ்சுகளுக்கு உறை மாட்டுகிற வேலை நடக்கும். உன் தம்பிக்கு ஒத்தாசையாக இருப்பாய் என்று நினைக்கிறேன். அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. துவைத்த துணி காயவில்லை. தவிட்டு ஊறுகாய்ப் பானையை நீ செய்வது போலவே தினமும் கிளறுகிறேன், ஆனாலும் நாறுகிறது. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "ஈரக் கைய விட்டுக் கிளறுனா நாறாம மணக்குமா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போனார். எனக்கு நாற்றமே தெரியவில்லை. அவர் சொல்லித்தான் தெரிந்தது.

வேலையில் ஒரு பிசகு நடந்துவிட்டது. போன மாதம் ட்ராமை மருத்துவமனை நிறுத்தத்தில் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். இறங்க வேண்டியவர்கள் மணியடித்திருக்கிறார்கள், கத்தியிருக்கிறார்கள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. மேலதிகாரி உஷிஜிமா திட்டவில்லை, அதுதான் சங்கடம். டீ வாங்கிக் கொடுத்து, "எங்கயாவது போயி வேர்வை சிந்துய்யா, தொண்டை கிழியக் கத்து. அதுவரைக்கும் உன்ன வண்டியில ஏத்த மாட்டேன்" என்றார். அவர் இளம் வயதிலிருந்தே வாள்வித்தைக்காரர். உலகத்தில் எந்த நோவுக்கும் அவருக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான். இப்போது நான் பணிமனையில் பயணச்சீட்டுப் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே வாள் கற்றுக்கொள்ள இடம் தேடினேன். நீ இருந்திருந்தால், அயிலை மீனை ஒழுங்காகத் துண்டு போடத் தெரியாத ஆளுக்கு வாள் ஒரு கேடா என்று கேட்டிருப்பாய். நியாயம்தான்.

முதலில் உஷிஜிமா சொன்ன இடம், நகராட்சி விளையாட்டு அரங்கம். மூங்கில் வாளும் முகக்கவசமுமாக ஒரே கூச்சல். பள்ளிப் பிள்ளைகள்தான் அதிகம், தாய்மார்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியர் என்னை நடுவில் நிறுத்தி, அடிக்கும்போது தலை, மணிக்கட்டு என்று அடிக்கிற இடத்தின் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும் என்றார். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. "என்ன சார், காதல் சொல்ற மாதிரி சொல்றீங்க? தெருக்கோடிக்குக் கேக்கணும்" என்று அவர் கேலி செய்ய, பிள்ளைகள் சிரித்தார்கள். நல்ல மனிதர். ஆனால் எவ்வளவு முயன்றாலும் சத்தம் வரவில்லை.

இரண்டாவது, கோயிலுக்குப் பின்னால் உள்ள பழைய பரம்பரைக் கூடம். அங்கே வாளைத் தொடுவதற்கு முன் அரை வருஷம் உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். மண்டியிட்டு உட்கார வைத்தார்கள். பயிற்சி முடிந்து எழுந்தால் கால் இரண்டும் மரத்துப்போய், செருப்பு அலமாரியோடு சேர்ந்து விழுந்தேன். பெரியவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "மரத்துப்போச்சா? பழகிடும்" என்றார். சும்மா உட்கார்ந்து மரத்துப்போவதற்கு அவ்வளவு தூரம் போவானேன், அதை வீட்டிலேயே செய்துகொண்டுதானே இருக்கிறேன்.

மூன்றாவது, பாய் முடைகிற கடைக்கு மேல்மாடி. அங்கே எதிராளி கிடையாது. ஆளுக்கு ஆள் தனியாக மண்டியிட்டு, வாளை உருவி, வெட்டி, மறுபடி உறையில் போடுகிறார்கள். சத்தமே இல்லை. சொல்லிக்கொடுப்பவர் குவாஹாரா என்ற அம்மாள், பகலில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தேன் என்றேன். "பாத்தா என்ன தெரியும்? இதப் போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க" என்று பயிற்சி உடை ஒன்றை இரவலாகக் கொடுத்தார்.

மூலையில் திரும்பி நின்று உடுத்திக்கொண்டு வந்தேன். தனோவே என்ற மீன்கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "அண்ணே, எந்தச் சுடுகாட்டுலேர்ந்து எழுந்து வர்றீங்க?" என்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தேன். மார்பில் இடப்பக்கம் மேலே வர வேண்டியதை, வலப்பக்கத்தை மேலே வைத்து மடித்திருந்தேன். நாடாவைக்கூடக் குறுக்கே போடாமல் நெட்டுக்குத்தாக முடிந்திருந்தேன். பிணத்துக்குத்தானே அப்படி உடுத்துவோம்? நம் ஊரில் சின்னக் குழந்தைகூடச் செய்யாத தப்பு.

தனோவேயும் முடிச்சைக் கவனித்திருக்க வேண்டும், சிரிப்பு நின்றுவிட்டது. மடிப்பை மறந்தாற்போல் மாற்றிப் போடலாம், அந்த முடிச்சை யாரும் மறந்தாற்போல் போட மாட்டார்கள். குவாஹாரா அம்மாள் கிட்டே வந்து, தாழ்ந்த குரலில், "கடைசியா யாருக்குக் கட்டிவிட்டீங்க?" என்று கேட்டார். "எம் பொண்ணுக்கு. மார்ச்சுல" என்றேன். அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்வது போலத்தான் சொன்னேன். அவர் நாடாவை அவிழ்த்து, இடப்பக்கத்தை மேலே கொண்டுவந்து, தன் கையாலேயே கட்டிவிட்டார். "அடுத்த வாரம் நீங்களே இப்படி உடுத்திக்கிட்டு வாங்க. வாள் எங்கயும் ஓடிடாது" என்றார். கிளம்பும்போது தனோவே படிக்கட்டு வரை வந்து, நாளைக்குக் கடைக்கு வரும்படியும், நல்ல மீனாக எடுத்து வைப்பதாகவும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அங்கேயே சேர்வதாக முடிவு செய்துவிட்டேன்.

சுமியே, அன்றைக்கு மினோரிக்கு வெள்ளை உடுத்தும்போது உன்னால் அவளைத் தொட முடியவில்லை. நான்தான் உடுத்தினேன், நான்தான் முடிச்சுப் போட்டேன். ஊருக்குக் கிளம்பும்போது நீ சொன்னாய்: "உங்க கை நடுங்கவே இல்ல. இந்த மனுஷனோட ஒரே வீட்டுல என்னால இருக்க முடியாது." நடுங்கவில்லைதான். இன்றைக்கும் நடுங்கவில்லை. அழுகையும் வரவில்லை. வந்தால் முதலில் உனக்குத்தான் எழுதுவேன். ஆனால் இந்தக் கைகளுக்கு அவளுக்குக் கட்டியதைத் தவிர வேறு எதுவும் தெரியாமல் போய்விட்டது என்பது அந்த மாடியில்தான் எனக்கே தெரிந்தது. உனக்கு இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

தினமும் கண்ணாடி முன் நின்று கட்டிப் பார்க்கிறேன். இடப்பக்கம் மேலே. இப்போது சரியாக வருகிறது. சரியாக வரும்போதெல்லாம், அவளை அங்கேயே தனியாக விட்டுவிட்டு நான் மட்டும் திரும்பி வந்துவிட்டது போல் இருக்கிறது. உடனே அவிழ்த்துவிடுகிறேன்.

ஆகஸ்டில் ஓபோன் வருகிறது. போனவர்கள் எல்லாரும் வீடு திரும்புகிற நாட்களில் மினோரிக்கு இது முதல் தடவை. வாசலில் தொங்கவிட வெள்ளை விளக்குக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் பிறந்து வளர்ந்த வீடு இது, இங்கேதான் வருவாள். வந்தால் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. எப்போதும் நீங்கள் இருவரும்தான் பேசிக்கொண்டிருப்பீர்கள், நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். நீ என் முகத்தைப் பார்க்க வேண்டாம், என்னோடு பேசவும் வேண்டாம். அவள் வந்து இருக்கிற நாட்களில் மட்டும் அவளோடு பேச இந்த வீட்டில் ஒருவர் வேண்டும்.

தோட்டத்து ஈரத்தில் நின்று சளி பிடித்துக்கொள்ளாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தோகிஹிரோ