லிஃப்டுக்குப் பதில் ஒரு மாடு

நவம்பர் 9, ஞாயிறு

சங்கக் கூட்டம். எங்கள் திருவேற்காட்டுக் குடியிருப்பில் நாலு பிளாக், ஒவ்வொன்றும் ஆறு மாடி. குப்பை எடுக்கும் எல்லம்மா வந்து பேசினார்.

"முட்டி போச்சு சார். குப்ப டப்பாவோட லிஃப்டுல எறங்கிக்கிறேன். அவ்ளோதான் கேக்குறேன்."

நாற்றம் லிஃப்டிலேயே தங்கிவிடும் என்றார் மூன்றாம் மாடி கிருஷ்ணப்பிரியா. முட்டியில் என்ன தங்கும் என்று யாரும் கேட்கவில்லை. தலைவர் தினகரன், "இதை முழுமையா அணுகுவோம்" என்றார்.

பயமாக இருக்கிறது.

நவம்பர் 16, ஞாயிறு

அணுகிவிட்டார். தினகரன் மென்பொருள் நிறுவன மேலாளர். வெளிநாட்டுப் பண்ணை ஒன்றில் குதிரை இழுக்கும் 'ஃபோர்கார்ட்', அதாவது முன்வண்டி, பார்த்திருக்கிறார். இரண்டு சக்கரம், ஓர் இருக்கை, பின்னால் ஒரு கொக்கி. நமக்குக் காளை இழுக்குமாம். புகை கிடையாது, பாரம்பரியம் உண்டு. பிளாக் வாசலிலிருந்து கேட்வரை குப்பை அதில் போகும்.

"மாடியிலேர்ந்து கீழே வர்றது?" என்றேன்.

"அது அடுத்த கட்டம் சார்."

கேட்வரை போகத் தள்ளுவண்டி ஏற்கெனவே இருக்கிறது. சமதரையில் எல்லம்மாவுக்கு ஒருநாளும் முட்டி வலித்ததில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. செயலாளர் என்ற முறையில் நான்தான் எழுதினேன்.

நவம்பர் 30, ஞாயிறு

அம்பத்தூர்ப் பட்டறையிலிருந்து வண்டி வந்தது. பச்சை பெயின்ட். குத்தம்பாக்கத்திலிருந்து திருவேங்கடம் காளையை ஓட்டி வந்தார். கல்யாண போட்டோ ஷூட்டுகளுக்குப் போய்வரும் காளை. செல்போன்களைக் கண்டதும் கழுத்தைத் திருப்பி நின்றது.

திருவேங்கடம் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார்.

"முன்பாதி கீது. மீதி வண்டி எங்க சார்?"

முன்வண்டி என்றால் பின்னால் எதையாவது கட்டி இழுப்பதற்கு. அந்த எதையாவதை யாரும் செய்யச் சொல்லவில்லை. குப்பை வைக்க இடமில்லை. தினகரன் உட்கார இடமிருந்தது. உட்கார்ந்தார். இரண்டு சுற்று. வீடியோ. எல்லம்மா டப்பாவோடு ஒதுங்கி வழிவிட்டார்.

டிசம்பர் 3, புதன்

எல்லம்மா இப்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்குகிறார், நடை பழகும் குழந்தை மாதிரி. இதை எந்தக் குறிப்பில் சேர்ப்பது?

டிசம்பர் 7, ஞாயிறு

பின்பாதியைத் திருவேங்கடமே செய்துவிட்டார். இரண்டு கட்டைகள்மேல் சாரப் பலகைகள். சக்கரமில்லாத சறுக்குப் பலகை. தரையில் பதித்த பேவர் கல்லைக் கீறுகிறது என்று புகார். கட்டைகளின் அடியில் பழைய டயரை வெட்டி அடித்தார்.

"மாடு நின்னா இதுவும் நின்னுடும் சார். சக்கரமாட்டம் பின்னாலயே வந்து கால்ல இடிக்காது. உங்க சங்கத்துக்கு இது எவ்ளோ மேலு!"

டிசம்பர் 14, ஞாயிறு

யாரும் திட்டமிடாதது நடக்கிறது. காளைக்குக் கொடுக்கப் பிள்ளைகள் வாழைப்பழத் தோலோடு இறங்குகிறார்கள். கூடவே பெற்றோர். கீழேதானே போகிறோம் என்று, கூடவே குப்பைப் பை. எல்லாம் லிஃப்டில். கிருஷ்ணப்பிரியாவின் பையில் மீன். நாற்றம் தங்காதா என்று கேட்டேன்.

"இது நம்ம குப்பை சார்!"

டிசம்பர் 21, ஞாயிறு

தீர்மானம்: வீட்டுக்காரரோடு வரும் குப்பைக்கு லிஃப்டில் அனுமதி. எல்லம்மாவோடு வரும் குப்பைக்கு இல்லை. நல்லவேளை, அவரோடு வர இப்போது குப்பையே இல்லை. பத்து நாளாக அவர் மாடி ஏறவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

பொங்கல் படப்பிடிப்புகள். திருவேங்கடம் காளையை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். இனி வராதாம். "அங்க அதுக்கு மேக்கப்பு போட்றாங்க சார். இங்க இன்னா கீது?"

நாளையிலிருந்து எல்லம்மா பழையபடி மாடி ஏறுவார் என்று தினகரன் அறிவித்தார்.

"குப்ப லிஃப்டுல வரலாம், நான் வரக்கூடாது. நீங்க போட்ட ரூலுதான?" என்றார் எல்லம்மா. "அப்ப அது வரட்டும். நான் கீழயே கீறேன்."

அதை அப்படியே குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

ஜனவரி 14, புதன்

மூன்று நாள் குப்பை, வாசலுக்கு வாசல். போகிப் புகையையும் தாண்டி மணக்கிறது. கிருஷ்ணப்பிரியாதான் பையோடு முதலில் இறங்கினார்.

ஜனவரி 18, ஞாயிறு

காலையில் பையோடு போனேன். காளையில்லாத முன்வண்டியின் இருக்கையில் எல்லம்மா காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பின்னால் சறுக்குப் பலகையில் டப்பாக்கள். வரிசையில் எனக்கு முன்னால் தினகரன், இரண்டு கையிலும் பை.

"ஈரக் குப்ப அந்தாண்ட போடு நைனா."

சறுக்குப் பலகை தரையோடு கிடப்பது. தினகரன் குனிந்து போட்டார்.