‘உள்ளே’ என்றால்

மார்ச் 4

அக்கா,

இல்லை, நீங்கள் முகாமில் இருந்த நாட்களைப் பற்றி அம்மாவிடம் நான் எதையும் கேட்கவில்லை. நீ போனில் அதட்டிய பிறகு ஒரு வார்த்தைகூட. அவளாகத்தான் பேசினாள். உன்னைப் பற்றி. இதையெல்லாம் போனில் சொல்ல முடியாது. நான் போனை எடுத்தாலே உன் குரலுக்காகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அதனால்தான் கடிதம்.

முழங்கால் எப்படி இருக்கிறது? தையல் பிரித்துவிட்டார்களா? இத்தனை வருடம் அந்த ஆஸ்பத்திரிக்குத் துவைத்துக் கொடுத்த விரிப்பிலேயே இப்போது படுத்திருக்கிறாய். சலவைக்கூடத்து ஆட்கள் உனக்கென்று நல்லதாகப் பொறுக்கி அனுப்புவார்கள் என்று நினைக்கிறேன்.

நீ தேறி வரும்வரை அம்மா என்னோடு இருக்கிறாள் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். என் டீதான் அவளுக்கு ஒத்துவரவில்லை. பாதி குடித்துவிட்டு டம்ளரை என் பக்கம் நகர்த்திவிடுகிறாள். சர்க்கரையைக் குறைத்தேன், கூட்டினேன். பாதிதான். நான் அதைத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருவேன். நேற்று பொறுமை போய்விட்டது. “பிடிக்கலேன்னா சொல்லும்மா. தினமும் இப்படி மிச்சம் வைக்காதே.” இன்று முழுதும் குடித்தாள். நீ என்ன பொடி வாங்குகிறாய்?

அலுவலகத்தில் எங்கள் அகராதிக்கு ‘மு’ நடக்கிறது. ‘முகாம்’ என்பதன் கீழே வரும் ‘தடுப்பு முகாம்’ என் மேசைக்கு வந்திருக்கிறது. ஆசிரியர் எழுதி வைத்திருந்த பொருள்: ‘பாதுகாப்புக் கருதி மக்களைத் தற்காலிகமாகத் தங்கவைக்கும் இடம்.’ ‘தங்கவைக்கும்’ என்பதை அடித்தேன். திரும்பப் போட்டார். பக்கத்து மேசைக்காரன், முற்றுப்புள்ளியே வைக்காமல் பேசுவதால் நாங்கள் ‘கமா’ என்று கூப்பிடுகிறவன், அவர் காதுபடக் கேட்டான்: “ஏன் சார், காலையில பேப்பர் போட்டாங்களா, வெந்நீர் உண்டா?”

‘வதை முகாம்’ என்றே சொல்லலாம் என்றேன். “அது கொல்றதுக்குன்னே கட்டினது. இங்க நடந்தது அது இல்லையேம்மா” என்றார். ஆனால் அந்தச் சொல்லுக்கு மூலமான வெளிமொழிச் சொல் முதலில் கொலையைக் குறிக்கவில்லை. ஆட்களை அள்ளி ஓரிடத்தில் குவிப்பது, அவ்வளவுதான். எதையும் செய்ததற்காக அல்ல, இன்னார் என்பதற்காக. கொலைக்கூடங்கள் பின்னால் வந்து அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டன. அதிலிருந்து எல்லா அரசுக்கும் வசதியாகிவிட்டது. ‘எங்களுடையது அது அல்ல’ என்று சொல்லிவிடலாம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு வாக்கியம் வேண்டும். அங்கே இருந்த ஒருவர் சொன்னது. நீயும் அம்மாவும் தனியாகப் பேசிக்கொள்வீர்களே, நான் அறைக்குள் வந்தால் நிறுத்திவிடுவீர்களே, அதிலிருந்து ஒன்றே ஒன்று.

உன் தங்கை


மார்ச் 11

குட்டிக்கு,

தையல் பிரித்தாயிற்று. நடக்கச் சொல்கிறார்கள். நர்ஸ் பெண் “பாட்டி மாதிரி நடக்காதீங்கக்கா” என்கிறாள். அக்கா என்றாளே, அது போதும்.

நாங்கள் அதை எந்த முகாம் என்றும் சொன்னதில்லை. ‘உள்ள இருந்தப்போ’ என்போம். வாசலில் ‘நலன் காப்பு நிலையம்’ என்று பலகை இருந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் பெரிய சொல் அதுதான். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள், பிழையில்லாமல்.

வாக்கியம் தரமாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. உனக்குச் சித்தி வீடு கிடைத்தது. பள்ளிக்கூடம் கிடைத்தது. பிறந்தநாளுக்குச் சிவப்பு ஷூ போட்டு எடுத்த போட்டோ கிடைத்தது. எனக்கென்று கிடைத்தது அம்மாவும் நானும் பேசிக்கொள்கிற அது ஒன்று. அதையும் கேட்கிறாய். என்ன, எங்கள் மேல் பொறாமையா?

பொடியெல்லாம் ஒன்றுதான்.

அக்கா


மார்ச் 17

அக்கா,

ஆமாம். பொறாமைதான்.

முட்கம்பியைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? எனக்கே கூசுகிறது. ஆனால் உண்மை. கதவு தட்டினால் நீங்கள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கிறீர்கள். வங்கியில் யாரோ பெயர் கூப்பிட்டபோது இருவரும் சேர்ந்து “இருக்கேன்” என்றீர்கள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதில் நான் இல்லை.

அங்கே ஒரு பிள்ளையை வெளியே விடலாம் என்றார்களாம். அம்மா உன்னை வைத்துக்கொண்டு என்னைச் சித்தியிடம் கொடுத்தாள். தனக்கு வேண்டியதை யாரும் கொடுக்கமாட்டார்கள்.

சித்தி நல்லவள். அது வேறு.

அம்மா இப்போது தினமும் முழு டம்ளர் குடிக்கிறாள். “நல்லா இருக்கும்மா” என்கிறாள். விருந்துக்குப் போன வீட்டில் சொல்வதுபோல.

தங்கை


மார்ச் 24

குட்டி,

உன் முதல் கடிதத்தில் டீயைப் பற்றிப் படித்ததுமே எனக்கு விஷயம் தெரியும். வேண்டுமென்றுதான் எழுதாமல் விட்டேன்.

உள்ளே ஒரு குடும்பத்துக்குக் காலையில் ஒரு டம்ளர் டீ. அம்மா பாதி குடித்துவிட்டு என் பக்கம் நகர்த்துவாள். சில நாள் நான் முதலில் குடித்து அவளுக்கு வைப்பேன். வெளியே வந்தும் அது நிற்கவில்லை. ஆளுக்கொரு டம்ளர் இருந்தாலும் பாதி எனக்கு. உன் மாமா “இந்த வீட்டுல என்ன டீப் பஞ்சமா?” என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார். நீ வருகிற நாட்களில் நான் அதைச் சமையலறைக்கு எடுத்துப்போய்க் குடிப்பேன். நீ பார்த்துவிடக் கூடாது.

வேறு யாருக்கும் அவள் வைத்ததில்லை. உனக்கு வைத்திருக்கிறாள். நீ தொட்டியில் ஊற்றியிருக்கிறாய். படித்ததும் எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. ‘ஊற்றட்டும், அது என்னுடையது.’ அதுதான் வந்தது. உனக்கு மட்டும்தான் எரியும் என்று நினைக்காதே.

இன்னொன்று. ஒரு பிள்ளை என்று கணக்கெல்லாம் இல்லை. ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால்தான் விடுவோம் என்றார்கள். என் வயதைக் குறைத்துச் சொல்லம்மா என்று அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். “நீயும் போயிட்டா நான் செத்துருவேண்டி” என்றாள். நீ பிழைக்கப் போனாய். நான் துணைக்கு நின்றேன். இதில் யார் செல்லப்பிள்ளை என்று உன் அகராதியில் பார்த்துச் சொல்.

வாக்கியம் எழுதிக்கொள்: ‘உள்ள இருந்தப்போ யாரும் எங்களை அடிக்கல, என்ன தப்பு செஞ்சோம்னும் யாரும் சொல்லல.’ பேர் போடாதே.

அக்கா


மார்ச் 31

அக்கா,

‘தங்கவைக்கும்’ போய்விட்டது. இப்போது இப்படி நிற்கிறது: ‘குற்றச்சாட்டோ விசாரணையோ இன்றி, இன்னார் என்பதற்காகவே மக்களைக் கூட்டமாக அடைத்துவைக்கும் இடம்.’ கீழே உன் வாக்கியம், பேர் இல்லாமல். ‘வதை முகாம்’ தனியாகத்தான் வருகிறது. அதன் முடிவில் ‘தடுப்பு முகாம் பார்க்க’ என்று ஒரு வரி மட்டும் ஆசிரியரிடம் வாங்க முடிந்தது. கமா, “அந்தக் ‘கூட்டமாக’வை விட்டுடாதே, அதுலதான் எல்லாம் இருக்கு” என்றான். பிறகு பேச்சை நிறுத்தினான். அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன், எதற்கென்று தெரியவில்லை.

இன்று காலை ஒரு டம்ளர்தான் போட்டேன். பாதியை நான் குடித்தேன். மீதியை அம்மா பக்கம் நகர்த்தினேன்.

அவள் டம்ளருக்குள் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“யார் சொன்னா?”

“யாரும் சொல்லல.”

“பொய் சொல்றா பாரு” என்றாள் சுவரிடம். எடுத்துக் குடித்தாள். நிதானமாக, அடி வரைக்கும். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“அக்கான்னா இன்னும் ஒரு வாய் கூட வச்சிருப்பா.”

அடுப்பைப் பற்றவைத்தேன். இன்னொரு டம்ளர் போட்டேன். ஒரே ஒரு வாய் குடித்துவிட்டு அவள் பக்கம் நகர்த்தினேன்.

குட்டி