நெட்டுக்கு அந்தப் பக்கம் கல்பனா

ஜனவரி 6, 2025, திங்கள்

ஷிப்ட் முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது ஆபீசிலிருந்து ஆள் வந்தது. என்னையும் கல்பனாவையும் வெங்கடேஸ்வரியையும் கூப்பிட்டார்கள். மேனேஜர் மேசையில் மூன்று சால்வை மடித்து வைத்திருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஜெயித்து வந்த நாளில்கூட டீயும் மிக்சரும்தான் கொடுப்பார்கள். சால்வை என்றால் அனுப்பிவைக்கிறார்கள்.

"இந்த வருஷத்துல இருந்து மில் டீமுக்கு காலேஜ் முடிச்ச பிள்ளைகளை எடுக்கோம்மா. நீங்க நெறைய ஆடியாச்சு."

வேலை இருக்கிறது. நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் அதே மிஷின்தான். பூப்பந்து மட்டும் இல்லை.

நெறைய ஆடியாச்சாம். போதும்னு நான் சொன்னேனா?

வீட்டில் இவர் சால்வையை விரித்துப் பார்த்து, "நல்ல துணி" என்றார். அவரையும் சேர்த்து மடித்து பீரோவில் வைத்துவிடலாம் போலிருந்தது.

ஜனவரி 9

கேண்டீனில் எங்களுக்கு ஊர் பார்க்கிறார்கள், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி. கல்பனா ஸ்ரீவில்லிபுத்தூர் கிளப்புக்காம். வெங்கடேஸ்வரி மதுரைக்காம். என்னைச் சேத்தூருக்குத் தள்ளிவிட்டாள் ஒருத்தி. "அங்க டீமே கெடையாதேட்டி" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

வெங்கடேஸ்வரி மட்டும் முட்டியைத் தடவிக்கொண்டு, "சாலு மாரி, சாலு" என்றாள் என்னிடம். மனசு நொந்தால் அவளுக்கு வீட்டுத் தெலுங்குதான் வரும். போதுமாம். நடுவர் பரீட்சை எழுதப்போகிறாளாம். "விசில் ஊதுறதுக்கு முட்டி வேண்டாமுல்ல?"

ஜனவரி 12

போன் எதுவும் வரவில்லை. சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

ஜனவரி 15, மாட்டுப்பொங்கல்

ஊரே போட்டி பார்க்கப் போய்விட்டது. நான் போகவில்லை. துணி ஊறவைத்துவிட்டு உட்கார்ந்தேன். மம்சாபுரம் போட்டி ஞாபகம் வந்தது.

மில் டீமில் எங்கள் முதல் போட்டி அது. நெட் பக்கம் கல்பனா, அவளுக்கு நேர் பின்னால் கடைசிக் கோட்டில் நான். செண்பகத்தோப்புப் பக்கமிருந்து மலைக்காற்று சுழன்று அடித்தது. அந்த மஞ்சள் பந்து வெறும் கம்பளி நூல்தானே, காற்று இழுத்த பக்கமெல்லாம் போகும். இவளோ தலைக்கு மேலே எது போனாலும் குதிப்பாள். வெளியே போகிற பந்தையும் அடித்து உள்ளே வைத்துக்கொள்வாள். "விடு" என்று கத்தினால் திரும்பி என் முகத்தைப் பார்ப்பாள். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

"ஏட்டி, முதுகுல கண்ணு ஒனக்கில்ல. எனக்கு மொகத்துலயே இருக்கு. விடுன்னா விடு!"

அன்றிலிருந்து விட்டாள். என் சத்தம் கேட்டால் பேட் தானாக இறங்கிவிடும். திரும்பியே பார்க்கமாட்டாள். கட்டின புருஷன் சொன்னால்கூட நாலு கேள்வி கேட்கிறவள்.

அன்றைக்கு ஜெயித்த கப்பில் பால்கோவாவைப் போட்டு, பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் வழித்துத் தின்றோம். இரண்டு பேருக்கும் ஒரே விரல் ருசி. எப்படிச் சிரித்தோம் அன்றைக்கு!

ஜனவரி 21

கல்பனா ஸ்ரீவில்லிபுத்தூரில் சேர்ந்துவிட்டாள். மிஷின் சத்தத்துக்கு நடுவில் காதோரம் வந்து சொன்னாள்.

"ஒன்னையும் கேட்டேம்ட்டி. பின்னாடி ஆட ஆள் இருக்குன்னுட்டாவ அவிய."

"நல்லா ஆடு" என்றேன். வேறென்ன சொல்ல? கேட்டாளாம். எம்புட்டு அழுத்திக் கேட்டிருப்பா? அவ இருந்தாத்தான் நான் வருவேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? சொல்லமாட்டா. நான்னா சொல்லியிருப்பேனா? — தெரியல.

பிப்ரவரி 2, ஞாயிறு

சேத்தூரில் டீம் இருக்கிறது! அழகுத்தாய் ஆரம்பித்திருக்கிறாள். முன்பு எங்களுக்கு எதிராக ஆடியவள், இப்போது அங்கே தையல் கடை வைத்திருக்கிறாள். "அக்கா, பின்னாடி நின்னு சத்தம் போட ஒரு ஆள் வேணும்" என்று போன் செய்தாள்.

பஸ்ஸில் கண்டக்டர் "எத்தன?" என்றார். "ஒண்ணு" என்றேன். ஆடப் போகையில் இப்படித் தனியாகச் சொன்னதே இல்லை.

ஆட்டத்தில் நெட் பக்கம் நின்ற கல்பனாவிடம் ஒரு பந்து போனது. — கல்பனா இல்லை, அந்தப் பிள்ளை பெயர் பெத்தம்மாள். பாரு, எழுத்துகூடக் குழறுகிறது. அவள் தலைக்கு மேல் போன பந்துக்கு "விடு!" என்றேன். பேட்டைத் தூக்கியபடியே திரும்பி, "எதை அக்கா?" என்றாள்.

கல்பனாவோடு மில்லில் பேச்சு நின்று பத்துப் பன்னிரண்டு நாளாகிறது. அவளில்லாமல் எனக்கு ஆடத் தெரியாது. இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

மார்ச் 9, ஞாயிறு

பேட்டைப் பையிலிருந்து இன்னும் எடுத்து வைக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அரையிறுதி. நாங்களும் அவர்களும். நடுவர் நாற்காலியில் விசிலோடு வெங்கடேஸ்வரி. நெட்டுக்கு அந்தப் பக்கம் கல்பனா, என் முகத்தைப் பார்த்தபடி. இத்தனை வருஷமாக அவள் முதுகைத்தான் பார்த்து ஆடியிருக்கிறேன்.

கடைசி ஆட்டம், 34–34. இன்னும் ஒரே புள்ளி, எடுத்தவர்களுக்கு ஜெயம். பெத்தம்மாள் தூக்கி அடித்த பந்து கல்பனா தலைக்கு மேலே போனது. அவள் பேட்டை ஓங்கிவிட்டாள். அவள் எடுப்பாள் என்று பின்னால் இருந்தவள் நின்றுவிட்டாள். எனக்குப் பந்து வெளியே போவது தெரிந்தது. நன்றாகத் தெரிந்தது. குதிக்கிறாளே பாவி என்று —

"விடு!"

கத்தினது நான். விட்டது அவள். பேட் அப்படியே இறங்கிவிட்டது.

மலைக்காற்று பந்தை இழுத்துக் கோட்டுக்கு உள்ளே போட்டது.

எங்கள் பிள்ளைகள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். வெங்கடேஸ்வரி விசில் ஊதினாள். "யாருக்குச் சொன்ன மாரி?"

பெத்தம்மாளுக்கு என்று சொல்லியிருக்கலாம். அழகுத்தாய் கண்ணாலேயே கெஞ்சினாள். ஆனால் எதிரில் கல்பனா நிற்கிறாள். ஏமாற்றத்தான் கத்தினேன் என்று அவள் நினைத்துவிட்டால்?

"கல்பனாவுக்கு" என்றேன்.

எதிர் டீமுக்குச் சத்தம் கொடுத்தது தப்பு. புள்ளி அவர்களுக்கு. தோற்றோம்.

கை கொடுக்க வந்தபோது கல்பனா என் கையை விடவில்லை. "வெளிய போகும்னுதான சொன்ன?"

"ஆமாட்டி. சத்தியமா."

"அதான நானும் விட்டேன்."

பொறவு ரெண்டு பேருக்கும் அழுகை வந்துவிட்டது. இந்த வயசில், அத்தனை பேர் முன்னால்.

மார்ச் 10

நேற்றுச் சாயங்காலம் இறுதிப்போட்டியில் கல்பனாவை வெளியே உட்கார வைத்துவிட்டார்களாம். எதிராளி சொன்னால் கேட்கிறவளை வைத்து எப்படி ஆடுவது என்றார்களாம். மில்லில் அவளே வந்து சொன்னாள், ஏதோ விருது வாங்கினவள் மாதிரி. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

சேத்தூரிலிருந்தும் போன் இல்லை. ஏன் வரும்?

மார்ச் 28

அழகுத்தாய் பேசினாள். திட்டப்போகிறாள் என்று பயந்துகொண்டே எடுத்தேன். முதலில் திட்டத்தான் செய்தாள். செத்த நேரம் கழித்து, "எக்கா, ஆறாந்தேதி ஞாயித்துக்கிழமை பிராக்டிஸ் இருக்கு" என்றாள். பிறகு இன்னொன்றும் சொன்னாள். அதைக் கல்பனாவிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் சேத்தூர் பஸ். பையில் பேட் இடித்துக்கொண்டே வந்தது. கண்டக்டர் "எத்தன?" என்றார்.

ஜன்னலோர சீட்டை வழக்கம்போல அவள் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு" என்றேன்.