பச்சை ஆஸ்டர்

பிப்ரவரி 2

எனக்கு மூளை கலங்கவில்லை. நான் பூவோடு பேசுகிறேன் என்று நாத்தனார் உறவுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்கிறாளாம். பூவோடு பேசவில்லை; அவரோடு பேசினேன். தோட்டத்தில் நின்று பேசினேன், அவ்வளவுதான். பேசியதும் ஒரே வாக்கியம்: “பாத்தீங்களா, பச்சை பூத்துடுச்சு.”

ஊதாவுக்கும் வெள்ளைக்கும் தூரிகையால் மகரந்தம் மாற்றி மாற்றி, பச்சை ஆஸ்டருக்காகவே கடைசி வருஷங்களைச் செலவழித்தார். பார்க்காமலே போனார். அவர் டப்பாவில் விட்டுப்போன விதை அத்தனையும் விதைத்தேன். சுவரோரப் பாத்தியில் ஒன்று பச்சையாக விரிந்திருக்கிறது.

பிப்ரவரி 5

எதிர்வீட்டு டீச்சர், “சாமந்தி அமோகமா வந்திருக்கேம்மா” என்றாள். பூவைப் புரட்டிக் காட்டினேன். சாமந்திக்கு அடியில் ஒட்டினாற்போல் செதில்; எங்கள் ஆஸ்டருக்குச் சின்னப் பச்சை இலைகள் சட்டைக் காலர் மாதிரி விரிந்து நிற்கும். முகத்தைப் பார்த்துப் பூவை முடிவு செய்யாதே, முதுகைப் பார் என்பார் எனக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுத்த கான்வென்ட் சிஸ்டர்.

“டீச்சர் நானா, நீங்களா?” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 9

இன்னும் சில பச்சை! மகனுக்குப் போன் செய்தேன். “அத்தை எல்லாம் சொன்னாங்கம்மா. நீங்க தனியா இருக்கிறது சரியில்ல.” பூவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிப்ரவரி 10

நாத்தனார் நேரிலேயே வந்தாள். “இது பூவா கீரையா அண்ணி? ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் சூம்பி... நோய் மாதிரி இருக்கு. பிடுங்கிப் போடுங்க.”

வாசலைக் காட்டினேன்.

“அண்ணன் கையால குடுத்த விதை எங்கிட்டயும் இருக்கு. உங்களுக்கு மட்டும்தான் அவர் சொந்தமா?” என்று கத்திக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

பிப்ரவரி 14

ஊதாவிலும் பச்சை. வெள்ளையிலும். வேறு வேறு செடி — எல்லாவற்றுக்கும் ஒரே பச்சை எப்படி வரும்?

பிப்ரவரி 15

பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். இதழ், இதழே இல்லை; இலை. தளிர் நரம்பெல்லாம் மஞ்சள். நுனியில் வெளிறிய குச்சிகள், துடைப்பம் மாதிரி. தத்துப்பூச்சி கொண்டுவரும் மஞ்சள் நோய். ஒரு வருஷம் இதே மாதிரி ஒரு செடியைக் கண்ட நிமிஷமே அவர் பிடுங்கி எரித்தார். பக்கத்தில் நின்றவள்தானே நான்?

பூவின் முதுகைப் பார்த்தேன். இலையைப் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை.

அதுக்குத் தண்ணி ஊத்தி, நிழல் கட்டி, வர்றவங்களுக்கெல்லாம் காட்டி... பாத்தி பூரா பரவ விட்டுட்டேனே. என்னங்க, நான் இனி என்ன பண்ணுவேன்?

பிப்ரவரி 16

எல்லாம் பிடுங்கி எரித்தாயிற்று. இந்த நோய் கண்ட பூவில் விதை கட்டாது. டப்பாவைக் கவிழ்த்துக் கவிழ்த்துத் தட்டினேன். தூசிதான்.

பிப்ரவரி 17

எழுந்திருக்கவில்லை.

பிப்ரவரி 20

நாத்தனாருக்கு இன்று தபாலில் போட்டது. நகல்:

“நீ சொன்னது சரி. அது நோய்தான். இப்போது உன் அண்ணனுடைய விதை என்னிடம் ஒன்றுகூட இல்லை. உன்னிடம் இருப்பதை எனக்கு அனுப்பாதே. நோயைக் கொண்டுவந்த பூச்சி இன்னும் இங்கேதான் இருக்கும். ஆஸ்டர் விதை பழசானால் முளைக்காது. அடுத்த வருஷம் என்று வைக்காமல் நீயே உடனே விதைத்துவிடு. மேலே மண்ணை லேசாகத் தூவினால் போதும்.

முளைத்ததா என்று எனக்குத் தெரிய வேண்டும். போனில் வேண்டாம், என் குரல் சரியாக இல்லை. ஒரு வரி எழுதிப் போடு.”