வடக்கே திரும்பிய வழி

அன்புள்ள கணவர் உலிங்கா அவர்களுக்கு,

அரண்மனைத் தாதி நார்ஹான் வணங்கி எழுதிக்கொள்வது. நலம் என்று சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன். நீங்களும் நம் குழந்தை சூலியெனும் எப்படி இருக்கிறீர்கள்? என் இடத்தில் அவளுக்குப் பால் கொடுக்கும் வாங் அக்காவையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். நான் சொல்லச் சொல்ல, அந்தப்புரப் பணியாள் லூ எழுதுகிறான். நின்றுகொண்டுதான் எழுதுகிறான். காரணம் பின்னால் வரும்.

பெரிய மண்டபத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று பக்கத்து வீட்டார் துளைத்தெடுப்பதாக எழுதியிருந்தீர்கள். நான் பார்த்தது அதன் கூரையை மட்டும்தான். முன்பக்கத்து மூன்று மண்டபங்களும் முடிசூட்டல், பிறந்தநாள், விருந்து என்று ஏதோ சில நாள் திறப்பவை. மற்ற நாளில் பெருக்குகிறவர்களுக்கும் புறாக்களுக்கும்தான் ராஜ்யம். குடியிருப்பெல்லாம் பின்னால். ராணிகளுக்குக் கிழக்கே ஆறு மாளிகை, மேற்கே ஆறு மாளிகை. கணவரை இழந்த பெரிய ராணிகள் மேற்குக் கோடியில். பிள்ளைகளுக்குத் தென்கிழக்கு மூலையில் பச்சை ஓட்டு வீடுகள். நான் கிடப்பது அங்கே. யார் எங்கே இருக்க வேண்டும் என்று சுவரே சொல்லிவிடுகிறது.

சாப்பாடு பழையபடிதான். உப்பில்லாமல் அவித்த பன்றிக்கால், உப்பில்லாத வாத்து. நான் இளவரசருக்குக் கொடுக்கும் பால் கெட்டியாக ஊற வேண்டுமாம். உடம்பு ஊதிப்போயிற்று, ஆனால் அசதி மட்டும் போகவில்லை. படுத்தால் இளவரசர் அழுகிறார், எழுந்தால் எனக்கு அழுகை வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் மாதம், வீட்டாரைப் பார்க்க விடும் சந்திப்பு நாளன்று வடக்கு வாசலுக்குக் குழந்தையைத் தூக்கிவரச் சொல்லியிருந்தேன். வர வேண்டாம். எனக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இளவரசரைப் பெற்றவள் மேற்கு மாளிகைகளில் ஒன்றில் இருக்கும் சின்ன ராணி. பிறந்து ஒரு மாதம் நிறைந்த அன்றே பிள்ளையைப் பிரித்து எங்கள் பக்கம் கொண்டுவந்துவிட்டார்கள். இங்கே அதுதான் முறை. விழா நாளில் பார்க்கலாம் என்பார்கள். அவளுக்குக் காய்ச்சல் என்று விழாவுக்கும் விடவில்லை. அவள் லூவிடம் சொல்லி அனுப்பினாள்: “ஒரே ஒரு தடவ என் வாசல் பக்கமா தூக்கிட்டு வரச் சொல்லு. தொடமாட்டேன். தள்ளி நின்னு பாத்துக்கிறேன்.”

லூ என்னிடம், “வேணாம்மா, தோல உரிச்சு உப்புப் போட்ருவாங்க. அந்த உப்புகூட ஒனக்குக் கெடைக்காது” என்றான். சொல்லிவிட்டு மறுநாள் அவனே முன்னால் நடந்தான்.

பெரிய ராணியை வணங்க இளவரசரைத் தூக்கிப் போகும் நாள் அது. முற்றத்தைக் கடந்து மேற்கே நேராகப் போக வேண்டும். நாங்கள் பாதியில் வடக்கே திரும்பி நீளச் சந்துக்குள் போய்விட்டோம். சின்ன ராணி வாசலில் நின்றாள். என்னைவிடச் சின்னப்பெண். சொன்னபடி தொடவில்லை. “பல்லு வந்துருச்சா?” என்று மட்டும் கேட்டாள். இரண்டு என்றேன். அதற்குள் இளவரசர் அவளைக் கண்டு மிரண்டு, என்னை “அம்மா” என்று கூப்பிட்டு என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இருக்கட்டும். நீ நல்லா பாத்துக்கிறேன்னு தெரியுது” என்றாள்.

தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். மூத்த தாதி, “நேர் வழியில ஒனக்கு என்ன முள்ளா கொட்டிக் கெடக்கு?” என்று பிடித்துக்கொண்டாள். லூவுக்குப் பிரம்படி. என்னை அடித்தால் பால் வற்றிவிடுமாம். அதனால் சந்திப்பு நாளைப் பிடுங்கிக்கொண்டார்கள். இளவரசர் பால் மறக்கும்வரை இனி எனக்கு வடக்கு வாசல் கிடையாது. அதற்கு என்னை அடித்தே இருக்கலாம்.

சூலியென் வாங் அக்காவை அம்மா என்று கூப்பிடுகிறாள், நீங்கள் அதட்டித் திருத்துகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படிக்கக் கேட்ட அன்று எனக்கும் வயிறு எரிந்தது. இப்போது சொல்கிறேன், அதட்டாதீர்கள். கூப்பிடட்டும்.

இன்னொன்று. நம் வீட்டுக்கு வந்தபோது வாங் அக்காவுக்கும் கைக்குழந்தை இருந்திருக்கும் அல்லவா? இல்லாவிட்டால் பால் ஏது? அது ஆணா பெண்ணா, இப்போது யாரிடம் இருக்கிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. நீங்கள் கேளுங்கள். கிட்டத்தில் இருந்தால், சந்திப்பு நாளன்று அவளை அந்தக் குழந்தையிடம் அனுப்பிவையுங்கள். சூலியென் அன்றைக்கு முழுக்க அழுவாள். கஞ்சி கொடுத்துத் தோளில் போட்டு நடங்கள். சாயங்காலத்துக்குள் வரச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள்.

மூன்று பிள்ளைகளும் நன்றாக இருக்கட்டும்.

உங்கள்
நார்ஹான்