பதினெட்டு சென்டிமீட்டர்

அன்புள்ள அக்கா,

இதை யாருக்கும் காட்டிவிடாதே. மாமாவுக்குக்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துப் போடு. அப்பா கடல் மட்டம் பார்க்கப் படகுத்துறைக்குப் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் முடிக்க வேண்டும்.

துருவத்துப் பனி உருகி எல்லாத் துறைமுகத்திலும் கடல் ஏறுகிறது, உன் ஆபீசுக்கு வரும் எண்களில் நம் ஊர்க் கடல் மட்டும்தான் சொன்ன பேச்சைக் கேட்கிறது என்று எழுதியிருந்தாய் அல்லவா? அப்பா அதை வாசித்துச் சிரித்தார். பிறகு குளியலறைக்குள் போய் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டிருந்தார்.

அக்கா, நம் கடலும் ஏறுகிறது. பள்ளி விட்டு வரும்போது துறையில் நட்டிருக்கும் அளவுகோலைப் பன்னிரண்டு நாள் பார்த்தேன். கோலில் இருநூற்றுப் பன்னிரண்டு என்றால் அப்பா நூற்றுத் தொண்ணூற்று நான்கு என்று எழுதுகிறார். தினமும் அதே பதினெட்டு சென்டிமீட்டர் குறைக்கிறார்.

வருடத்தில் முப்பது நாள் இருநூறைத் தாண்டினால் நம் தெருவையே காலி செய்துவிடுவார்களாம். ஏன் குறைத்து எழுதுகிறீர்கள் என்று அப்பாவிடம் கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "உங்கம்மாவை இங்க தனியா விட்டுட்டு எங்க போறது, சொல்லு" என்றார். அம்மாவைப் புதைத்த இடத்தில் இப்போது முழங்கால் அளவு தண்ணீர். அதை உனக்கு எழுதக் கூடாதாம்.

நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் இன்று பௌர்ணமி, கடல் இன்னும் ஏறும் நாள். கீழ்வீட்டுத் தையல் அத்தை கைக்குழந்தையோடு சாயங்காலம் படியேறி வந்தாள். "அளவுக்காரரே, இன்னைக்குப் பிள்ளையைத் தரையில படுக்கப் போடலாமா, தண்ணி உள்ள வராதே? எனக்கு ரேடியோவும் நீங்கதான், டீவியும் நீங்கதான்" என்றாள். அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "தாராளமா போடும்மா" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு முறை பாதிப் படி இறங்கித் திரும்பிவிட்டேன். அத்தையிடம் சொன்னால் அப்பாவை என்ன செய்வார்களோ?

சரியான எண்களை இதோடு வைத்திருக்கிறேன். நீயே கண்டுபிடித்த மாதிரி ஆபீசில் சொல். அப்பாவைப் பொய்யர் என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள். நீயும் திட்டாதே. அவர் கெட்டவர் இல்லை, அக்கா. அவருக்கு அம்மாவை

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பாவிடம் சாவி இருக்கிறது. தையல் அத்தை குரல். "அளவுக்காரரே, அளவுக்காரரே" என்று